முதல் விருப்பம்

காலை ஏழு மணிக்கே முசெம்பியின் சத்தத்தில் மச்சாக்கோஸ் ஊரிலிருந்த அந்த வீடு கிடுகிடுத்தது. அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்ததைக்கூடக் கலேக்யே கவனிக்கவில்லை. முசெம்பி அவளுடைய இறந்துபோன கணவனின் அண்ணன். எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

“கிலிமா பல்கலைக்கழகம்னா நைரோபியே எழுந்து நிக்கும்! அதை விட்டுட்டு, பேரே கேள்விப்படாத கவேத்தேயை முதல் விருப்பமா போட்டிருக்கியே... பொண்ணு பக்கத்துலயே கிடந்து உனக்கு உகாலிக் களி கிண்டிப் போடணுமா?”

“அப்படியெல்லாம் இல்ல மாமா... சிவில் இன்ஜினியரிங்குக்கு அதுதான் நல்லது.”

“ஏன்னு சொல்லேன்!”

சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டாளா, பாவி!

பல்கலைக்கழக விருப்பப் பட்டியலைத் திருத்த அன்று மாலை வரைதான் நேரம். மகள் மும்புவா அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

“இவ்வளவு மார்க் எடுத்தும் என்னை ஊர் சிரிக்க வைக்கிறியேம்மா... கிலோன்சோ அண்ணன் படிச்ச இடம்மா அது!”

பெற்ற மகளே இப்படிக் கேட்டதும் கலேக்யே அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிலோன்சோ முசெம்பியின் மகன். சர்ச் அறிவிப்பில் அவன் பெயருக்கு முன்னால் ‘இன்ஜினியர்’ என்று வாசிக்காவிட்டால் முசெம்பி பாதிரியாரிடமே சண்டைக்குப் போவார். அப்படியொரு பெருமை! இப்போதும் மேசையருகே உட்கார்ந்திருந்த மகன் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லுடா இன்ஜினியர், இவளுக்குப் புத்தியில உறைக்கட்டும்!”

வேண்டாம் என்று கலேக்யே அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் எழுந்துவிட்டான்.

“போதும் சின்னம்மா... எனக்காக இன்னும் எவ்வளவு பேச்சு வாங்குவீங்க? அப்பா, நான் இன்ஜினியரே இல்ல.”

“என்னடா உளர்ற?”

“கிலிமாவோட பேர்தான் பெருசு. அங்க சிவில் படிப்புக்குப் பொறியாளர் வாரியத்தோட அங்கீகாரம் கிடையாது. என்னை இன்ஜினியரா பதிவு பண்ணவே மாட்டேங்குறாங்க. பாலத்துக்கு நான் வரைபடம் போடுறேன், கையெழுத்து வேற யாரோ போடுறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி சின்னம்மாகிட்ட அழுதேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்...”

முசெம்பி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஏன்டா மறைச்ச?”

“சர்ச்சுல நீங்க தலை நிமிர்ந்து நின்னீங்களேப்பா... மனசு வரல.”

கலேக்யே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நானே பஸ் ஏறி வாரியத்து ஆபீசுக்குப் போனேன் மாமா. அவங்க பட்டியல்ல கவேத்தே இருக்கு. கிலிமாவுல கிலோன்சோவுக்குச் சொல்லித்தராத பாடங்களை அங்கே படிச்சா பதிவுக்கு மனு போடலாமாம். அதையும் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். அவனா வாயைத் திறக்கட்டும்னு காத்திருந்தேன்.”

மும்புவா ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “மன்னிச்சிரும்மா... உன்னைப் போய் நான்...”

“அசடு! நீயாவது கையெழுத்துப் போடுற இன்ஜினியரா வரணும்னுதான்டி...”

முசெம்பி நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, அந்த வீட்டில் யாருமே கேட்டிராத தணிந்த குரலில் சொன்னார்:

“தப்பு என் மேலதான் கலேக்யே. பட்டியலைத் தொட வேணாம். கவேத்தேக்குப் போகும்போது இவனையும் கூட்டிட்டுப் போ... நானும் வர்றேன்.”