உள்ளே உடைந்த பென்சில் முனை

காலித் தொட்டியின் வெளித்தகட்டில் மாப்பிள்ளை பென்சில் முனை ஒன்றை அழுத்தி உடைத்தார். கணினித் திரையில் இரண்டு புள்ளிகள் விழுந்தன.

மாமனாரான மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார். இரும்பில் விரிசல் ஓடும்போது மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் எழும். அதைப் பிடிக்கத்தான் அந்த உருண்டைத் தொட்டியைச் சுற்றிலும் சென்சார்களை ஒட்டியிருந்தார்கள். அவை சரியாகக் கேட்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு முனையை உடைப்பது வழக்கம். ஒரு முனைக்கு ஒரு புள்ளி.

"இன்னொண்ணு என்ன?"

"உங்க குடும்பம் போட்ட வெல்டிங்ல இருந்துதான் வருது மாமா. விரிசலா இருந்தா எழுதித்தான் ஆகணும்."

"என் பொண்ணைக் கட்டினது போதாதா மாப்பிள்ளை? எங்கப்பா பேருக்கும் கொள்ளி வைக்கணுமா? எங்க வெல்டிங் எங்கயும் வாய் பொளந்தது கிடையாது. நானே உள்ள போய்ப் பாக்குறேன்."

"வேணாம் மாமா. விரிசல் சத்தம் இப்படி இருக்காது. இதுவும் பென்சில் முனை உடையுற சத்தம்தான்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று வாக்கிடாக்கியையும் டார்ச்சையும் பிடுங்கிக்கொண்டு, தொட்டியின் அடித்துளைக்குள் குனிந்து நுழைந்தார்.

எத்தனை நாள் காற்றோட்டம் விட்டும் போகாத எண்ணெய் நெடி தொண்டையில் படிய, வியர்த்த இரும்பின் குளிர் உள்ளங்காலில் ஏற, அவருடைய காலடியோசையே தொட்டியைச் சுற்றி வந்து முதுகுக்குப் பின்னால் வேறொருவர் நடைபோல் ஓய்ந்தது. தழும்புபோல் மேலேறிய வெல்டிங்கை விரலால் தடவினார். வழுவழுப்பு. நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு விரலைப் பார்த்தார். கறுப்பு. பென்சில் தூள்.

சற்று மேலே இன்னொரு கரும்புள்ளி. அதற்கு மேலே இன்னொன்று. வெளியே சென்சார் இருக்கும் இடங்களில் எல்லாம்.

"மாமா, உள்ள எதையாச்சும் உடைக்கிறீங்களா?" என்றது வாக்கிடாக்கியில் மாப்பிள்ளையின் குரல்.

"இல்ல."

"வரிசையா உடையுது. மேல போய்க்கிட்டே இருக்கு."

முன்கையில் ஏதோ விழுந்தது. துளியளவு பென்சில் முனை. டார்ச்சை உயர்த்தினார்.

ஏணி எட்டாத உச்சியில், தகட்டோடு வயிறு ஒட்டி, ஓர் உருவம். காதை இரும்பில் பதித்திருந்தது. அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

கத்தலாம். கத்தினால் மாப்பிள்ளை கேட்பார். காலமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"மாமா? வெல்டிங் எப்படி இருக்கு?"

மேஸ்திரி வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"ஒரு கீறல் கிடையாது."

குரல் தொட்டியைச் சுற்றி வந்தது. உருவம் இரும்பிலிருந்து தலையைப் பிரித்து, அவர் பக்கம் திருப்பியது. கண் இருக்க வேண்டிய இடத்தில் காது. வாய் இருக்க வேண்டிய இடத்திலும் காது.