காலி டேங்கில் மிதந்தது

பாபநாசம் படித்துறையில் கற்பூரம் கொளுத்தி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்: கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை. சேர்த்திருந்தால் என் நாக்குக்குப் புளியோதரையின் ருசி மறந்து போகட்டும். அதைவிடப் பெரிய சாபம் எனக்குத் தெரியாது.

படகின் டேங்கில் ஒரு சொட்டு டீசல் இல்லை. சண்முகசுந்தரி தன் கையாலேயே அதை வடித்து, பழைய வேட்டித் துணியை விட்டு உள்ளே துடைத்தும் எடுத்துவிட்டாள். அப்படியும், சாவியைத் திருப்பியதும் மீட்டர் முள் பைய எழுந்து பாதியில் போய் நின்றது.

ஆடிச் சாரல். பிற்பகல் மூன்று மணிதான்; ஆனால் பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் அந்த அணையில் வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கரையோடு கட்டியிருந்த படகின் தகரக் கூரையில் சாரல் விழும் சத்தமும், அடிப்பலகையில் தண்ணீர் வந்து நக்கிவிட்டுப் போகும் சத்தமும், டீசல் வாடைக்குக் கீழே வண்டலும் பாசியுமாக ஏதோ வெகுநாள் மூடிக்கிடந்த வாடையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

போன ஐப்பசியில் இதே படகைத் தனியாக ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போன அவள் தம்பி குமரவேல் திரும்பவில்லை. படகு மட்டும் டேங்க் வறண்டு நடுத்தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. படகின் சொந்தக்காரர் முகம்மது மைதீன் ஊரெல்லாம் ஒன்றையே சொன்னார்: டீசலைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான், நடுவில் நின்றதும் நீந்தலாம் என்று குதித்திருக்கிறான். ஊரும் அவனைக் கவனம் கெட்டவன் என்று முடித்துவிட்டது.

சுந்தரி ஐ.டி.ஐ.யில் வயரிங் பாடம் எடுப்பவள். சாவியைத் தொட்டால் முதலில் கண் மீட்டருக்குப் போக வேண்டும் என்று தம்பியைத் தலையில் குட்டிப் பழக்கியவளே அவள்தான். அவன் பார்க்காமல் போயிருக்க மாட்டான். மீட்டர் பொய் சொல்லியிருக்க வேண்டும். அதை மைதீன் வாயாலேயே சொல்ல வைப்பதற்காகத்தான் வந்திருந்தாள்.

"மீட்டரு பழசு டீச்சர். வேற மாத்துனா சரியாப் போவும்," என்றார் மைதீன், முன்பக்கம் ஓட்டுபவருக்கான பலகையில் உட்கார்ந்தபடி.

"மாத்துததுக்கு நான் வரல அண்ணாச்சி. முள்ளு எங்கன நிக்கின்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க."

"புள்ளைகளை மெரட்டுத மாதிரியே மெரட்டுதிய."

"புள்ளைக சொன்னதைச் செய்யும்."

அவர் சிரித்துவிட்டு மீட்டர் பக்கம் திரும்பினார்.

வேலை சின்னதுதான். டேங்குக்குள் ஒரு மிதவை. டீசல் ஏற ஏற அது ஏறும், அதைத் தாங்கும் கம்பியின் அசைவு ஒரு வயர் வழியாக மீட்டருக்குப் போய் முள்ளை நகர்த்தும். அவள் அந்த வயரைக் கழற்றினாள்.

"காலி," என்றார் மைதீன்.

வயர் நுனியை எர்த்தில் தொட்டாள்.

"முழுசு."

மீட்டரில் கோளாறு இல்லை. வயரிலும் இல்லை. எர்த் வயரின் முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து முடுக்கி, கழற்றிய வயரையும் திரும்ப மாட்டினாள். முள் மறுபடியும் பாதி. அப்படியானால் மிதவைதான். ஐந்து திருகாணிகளையும் கழற்றி, முழங்கை நீளமிருந்த அந்த மிதவைக் கம்பியை வயரோடு வெளியே எடுத்தாள். மிதவை காய்ந்து கிடந்தது. விரலால் கீழே இறக்கினாள்.

"காலி."

மேலே தூக்கினாள்.

"முழுசு. எல்லாம் சரியாத்தான இருக்கு டீச்சர்? பொறவு என்னத்தைத் தேடுதிய?"

அவளுக்கும் அதுதான் கேள்வி. கம்பியைத் தன் காலருகே படகின் தரையில் வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தாள்.

"கால் டேங்கு," என்றார் மைதீன்.

"நான் தொடல அண்ணாச்சி."

"கால்லதான் நிக்கி. இப்பம் கூடுது."

அவள் குனிந்து பார்த்தாள். மிதவை தரையிலிருந்து ஒரு கட்டைவிரல் உயரம் எழும்பி, கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில், கிணற்றில் விட்ட தேங்காய் மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினாள். அமுங்கியது. விட்டாள். துள்ளி எழுந்தது. விரல் நனையவில்லை. ஆனால் கணுக்காலைச் சுற்றி ஒரு குளிர் இருந்தது, தண்ணீரில் நிற்கும்போது தெரியுமே, ஒரு கோடு போட்டதுபோல, அதற்கு மேலே சூடும் கீழே குளிரும், அந்தக் குளிர்.

கோடு முழங்காலுக்கு ஏறியது.

பயம் வந்தது. வராமல் என்ன. ஆனால் பயத்துக்கு முன்பே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவம்லே அது," என்றாள், மிதவையைப் பார்த்து.

கோடு இடுப்புக்கு ஏறியது.

அவள் கம்பியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள். "காலி," என்றது மைதீனின் குரல். பைய இறக்கினாள். மார்புக்கு நேரே வந்ததும் மிதவை எதன்மீதோ உட்கார்ந்தது. "முழுசு." மறுபடி தூக்கினாள். "காலி." மறுபடி இறக்கினாள். "முழுசு."

இப்போது தெரிந்துவிட்டது. குமரவேல் பார்த்திருக்கிறான். முழுசு என்று காட்டியிருக்கிறது. நம்பிப் போயிருக்கிறான்.

"பாத்தியளா அண்ணாச்சி? காலி டேங்குக்கு முழுசுன்னு காட்டுது. அவன் பாக்காமப் போகல."

மைதீன் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. உட்கார்ந்திருந்த அவருக்கு அது தாடைவரை வந்திருக்க வேண்டும். கழுத்தை உயர்த்தி உயர்த்தி மூச்சு விட்டார்.

"எறங்கிருவோம் டீச்சர். எனக்கு என்னமோ செய்யுது. காலைத் தூக்க முடியல."

கரைக்குப் போட்டிருந்த பலகை அவளுக்குப் பின்னால் இருந்தது. நாலு எட்டு. ஒரு கை கொடுத்தால் அவரை இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

அவள் நகரவில்லை.

"குமரவேல் மேல தப்பில்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எறங்குங்க."

"கரைக்குப் போயிச் சொல்லுதேன் தாயி."

"கரையில நீங்க வேறதான சொல்லுவிய. இங்கன வச்சுச் சொல்லுங்க."

சாரலின் சத்தம் தூரமாகிவிட்டது. காது அடைத்தது. கூரைத் தகரத்தில் விழுவது எங்கோ மேலே, வேறு யாருடைய வீட்டிலோ விழுவதுபோல் இருந்தது. வண்டல் வாடை. நாக்கில் பாசியின் ருசி.

மைதீனின் தோளில் கிடந்த துண்டு நுனி எழும்பியது.

காற்று இல்லை. துண்டு மெதுவாக விரிந்தது. தோளை விட்டுப் பிரிந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் மிதந்தது. நரைத்த முடி ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்து, திரும்ப மறுபக்கம் சாய்ந்தது.

அவர் கன்னங்களை உப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றாள் சுந்தரி. அவள் கழுத்தில் குளிர் ஒரு கயிறு மாதிரி கிடந்தது. தாடையைத் தூக்கிக்கொண்டாள். கம்பியை இன்னும் உயரே பிடித்தாள். காலை மட்டும் எடுக்கவில்லை.

அவர் கண்கள் அவளையே பார்த்தன. தலையை ஆட்டினார். சொல்கிறேன் என்ற ஆட்டம்.

"வாயத் தொறந்து சொல்லுங்க அண்ணாச்சி."

திறந்தார்.

வார்த்தை வரவில்லை. வெள்ளி நிறத்தில் ஒரு குமிழி வந்தது. எலுமிச்சம்பழம் அளவு. காய்ந்த படகுக்குள், காய்ந்த காற்றில், ஆடி ஆடி ஏறி, அவள் உதட்டுக்குக் கீழே வந்து உடைந்தது. பின்னால் இன்னொன்று. இன்னொன்று. மீட்டரில் முள் முழுசைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. அவர் வாய் மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. அது சொல்வது ஒரே பெயர்தான் என்பதை அந்த அசைவிலேயே படித்துவிட முடிந்தது. அவள் கை நீட்டவில்லை. அவர் சொல்லி முடிக்கக் காத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படகு இன்றும் அதே கரையில்தான் கட்டிக் கிடக்கிறது. அது துடுப்புப் படகு, எஞ்சினோ டேங்கோ அதில் ஒருநாளும் இருந்ததில்லை.