முப்பத்திரண்டு பேரின் ஒரே பொழுதுபோக்கு

கண்டி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆறாம் தரத்தில் முப்பத்திரண்டு பேர் தபால் முத்திரை சேகரித்தார்கள். ஒருவரிடமும் ஒரு முத்திரைகூடக் கிடையாது.

காரணம், கரும்பலகை. மறுநாள் கல்விப் பணிப்பாளர் வருகிறார். பிள்ளைகள் தங்களை அறிமுகப்படுத்த வேண்டும். யாரும் தடுமாறக் கூடாதே என்று கலாராணி டீச்சர் எழுதிப் போட்டிருந்தார்: ‘எனது பெயர் ........ எனது பொழுதுபோக்கு முத்திரை சேகரித்தல்.’

நல்லவேளை, பெயருக்காவது இடம் விட்டாரே!

முப்பத்து மூன்றாவது ஆள் யசோதா. தெல்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் மட்டும் சொந்தமாக ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஆள் வருவது இரத்தம் குடிக்கும் அட்டைக்கு எப்படித் தெரிகிறது? பேராதனையில் ரயில் எப்படித் தடம் மாறுகிறது? பூட்டுக்குள்ளே என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் அறிய அவளுக்கு ஆசை.

டீச்சர் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

“இதென்ன, கடைச் சாமான் லிஸ்டா? பொழுதுபோக்கு ஒன்னுதான் இருக்கணும்.”

“எனக்கு நெறய இருக்கே, டீச்சர்!”

“அப்போ நீ பேசவே வேணாம். நாளைக்குப் பின்வரிசையில நில்லு.”

யசோதாவுக்குக் காது சுட்டது. இல்லாத முத்திரையைச் சொல்லலாமாம். இருக்கிற ஆசையைச் சொல்லக் கூடாதாம்!

மறுநாள் பணிப்பாளர் கஜேந்திரன் வந்தார். டீச்சர் அவரை அறிமுகப்படுத்தினார். நான்கு பட்டம், ஒன்பது பதவி, ஆறு சங்கம். ஒன்றைக்கூட விடவில்லை.

‘அவருக்கு மட்டும் இத்தனையா?’ என்று யசோதா பல்லைக் கடித்தாள்.

பிள்ளைகள் வரிசையாகச் சொன்னார்கள். முத்திரை. முத்திரை. முத்திரை. ரிஸ்கான் சொன்னதும் பணிப்பாளர் எழுந்தே விட்டார்.

“நானும் சேர்த்தவன்தான்! எங்க தம்பி, உங்க முத்திரை அல்பத்தைக் காட்டுங்க பார்ப்போம்.”

ரிஸ்கானின் கண் கலங்கியது. வகுப்பு முழுவதும் குனிந்து காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தது.

‘நல்லா வேணும்’ என்றுதான் யசோதாவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் ரிஸ்கானின் உதடு நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முன்னால் வந்தாள்.

“சேர், அவன்கிட்ட முத்திரை இல்ல. ஆனா குடை திருத்துவான். எந்தக் கம்பி முறிஞ்சாலும் சரி பண்ணிடுவான். டீச்சரோட குடையைக்கூட அவன்தான் திருத்தினான்.”

“அருமையான வேலையாச்சே! ஏன் தம்பி அதைச் சொல்லல்ல?”

ரிஸ்கான் மூக்கை உறிஞ்சினான். “ஒண்டுதான் சொல்லோணுமாம் சேர். அந்த ஒண்டையும் டீச்சரே எழுதித் தந்துட்டாங்க.”

பணிப்பாளர் கரும்பலகையை வாசித்தார். பிறகு திரும்பினார்.

“உண்மையா முத்திரை சேர்க்கிறவங்க கையைத் தூக்குங்க.”

ஒரேயொரு கை மெதுவாக எழுந்தது. டீச்சருடைய கை.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சரி மகள், உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று பணிப்பாளர் யசோதாவிடம் கேட்டார்.

அவள் டீச்சரைப் பார்த்தாள். “ஒன்னு மட்டுமா, டீச்சர்?”

டீச்சர் இல்லையென்று தலையாட்டினார். “எல்லாத்தையும் சொல்லு.”

யசோதா ஒரு கதிரையை இழுத்துப் பணிப்பாளர் பக்கம் தள்ளினாள்.

“அப்போ உட்காருங்க, சேர். நேரமாகும்.”