கரடிப் பாறை வேங்கை

"கயித்தை இறுக்கிப் பிடி மாமா! கால் வழுக்குது!"

கரடிப் பாறையின் விளிம்பிலிருந்து பூங்காவனம் இறங்கிக்கொண்டிருந்தாள். மேலே, கயிற்றை மரத்தூரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான் அவளுடைய மாமன் மகன் சடையன். பாதி வழியில், பாறை இடுக்கில், போன கோடைத் தீக்குத் தப்பிய ஒரே வேங்கை மரம் நின்றது. கிளையெல்லாம் காய்ந்த காய்கள்! காற்றில் பறப்பதற்குள் பறித்துவிட்டால் கருகிய சரிவில் மறுபடி வேங்கை எழும். தங்கப் புதையல் கிடைத்தாலும் ஊர் இவ்வளவு கொண்டாடாது.

ஒரு கிளையைப் பற்றினாள். "எட்டிடுச்சு!"

"பறி புள்ள! கிளையை முறிச்சிடாத!" சடையன் உற்சாகமாகக் கத்தினான். பிறகு குரல் தாழ்ந்தது. "இது முளைச்சாதான் எனக்குத் தூக்கம் வரும். அன்னிக்கு மாடு மேய்ச்சப்ப பீடியை அணைச்சேனான்னு இன்னும் ஞாபகம் வரல. ஊரு சொல்றது நெசந்தான் போல."

பூங்காவனத்தின் கை நின்றுவிட்டது.

அந்தத் தீயை வைத்தவள் அவள். காடு இலையுதிர்த்துக் கிடந்த நாளில் கடுக்காய் பொறுக்கப் போனவள், சருகுக்குள் தேட அலுத்துக்கொண்டு, எல்லாரும் செய்வதுபோல் மரத்தடியில் நெருப்பு வைத்தாள். சருகு எரிந்தால் காய் பளிச்சென்று தெரியும். அன்றைக்கென்று பாழாய்ப்போன காற்று! நாற்று, குருத்து, விதை எல்லாம் சாம்பல். ஊர் சடையன்மேல் பழி போட்டபோது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். அவனே அதை நம்பிவிட்டான் என்பது இன்றுதான் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேலே போய்ச் சொல்லலாமா? மேலே போய்விட்டால் சொல்லவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா! தீ வச்சது நான்! கடுக்காய்க்கு வச்சேன்!"

கயிறு ஒரு முழம் சரிந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள். கயிறு நின்றது.

மேலிருந்து குரல் வந்தது. "பையை ரொப்பு. ஊர்ல வந்து இதையே சொல்லு."

நிறைந்த பையோடு ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடி வந்தார்கள். பூங்காவனம் பையை இறக்கவில்லை. முதலில் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னாள். ஊரார் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பெற்ற அம்மாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகுதான் பை நாற்றங்காலுக்குப் போனது.

அடுத்த கடுக்காய்ப் பருவத்தில், தீப்பெட்டியை வீட்டிலேயே போட்டுவிட்டு விளக்குமாறோடு காட்டுக்குப் போனாள். சருகைக் கூட்டக் கூட்ட இடுப்பு விட்டுப் போயிற்று; நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். சற்றுத் தள்ளி இன்னொரு விளக்குமாற்றின் சத்தம் கேட்டது. சடையன்! அன்றிலிருந்து அவளோடு பேசாதவன். இன்றும் பேசவில்லை. ஆனால் அவள் கூட்டி நிறுத்திய இடத்திலிருந்துதான் கூட்டத் தொடங்கியிருந்தான்.