மூடி திறந்த வாளி

நவம்பர் ஒன்பது, ஞாயிறு. விடியலிலிருந்து விடாத மழை. காற்று மட்டும் இல்லை.

பவள வளர்ப்புக் கூடத்தின் பராமரிப்பாளர் மாலையில் விளக்கைப் போட்டதும் முதலில் கண்டது, தரையில் கவிழ்ந்து கிடந்த வாளி மூடியை. வாளியில் நீர் இருந்தது. நத்தைகள் இல்லை.

மதியம்தான் அவள் கணவன், அக்கூடத்தின் முக்குளிப்பவன், கடலடியில் பவளத்தைத் தின்றுகொண்டிருந்த அந்த நத்தைகளை இடுக்கியால் பிடுங்கி வாளி நிறையக் கொண்டுவந்திருந்தான். எடை போட்ட பிறகே அவற்றை உறைபெட்டியில் இடுவது வழக்கம்.

கண்ணுக்குள் வைத்து அவள் வளர்த்த பவளக் கிளைகள் எதிர்த் தொட்டியில் இருந்தன. ஒரு நத்தை ஏறினால் போதும்; காயத்தின் வாடை நீரில் கரைந்து மற்றவற்றை அழைக்கும்; ஓட்டோடு ஓடு உரச அவை திரண்டு, உயிருள்ள சதையை வழித்துத் தின்று, வெள்ளைக் கூட்டை மட்டும் விட்டுப் போகும். கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கிளை கிளையாகப் பார்த்தாள். எல்லாம் பழுப்பும் பச்சையுமாக உயிரோடிருந்தன.

அது அவளுக்கு நிம்மதி தரவில்லை.

"என்னங்க, வாளிய நீங்க தொறந்தீங்களா?"

"ஆமா. பவளம் கிழிச்ச காலை அதுலதான் விட்டுக் கழுவுனேன்." ஓய்வறைக் கட்டிலிலிருந்து அவன் குரல் சோம்பலாக வந்தது.

"நத்தை கெடக்குற வாளியிலயா? அறிவு இருக்கா உங்களுக்கு?"

"இருந்தா உன்னைக் கட்டியிருப்பேனா?"

சிரிக்க வாயெடுத்தவள் நின்றாள். தகரக் கூரையில் கொட்டும் மழைக்கும் நீரேற்றியின் முனகலுக்கும் அடியில், நனைந்த அரம் ஒன்று எலும்பின்மேல் மெல்ல ஓடுவது போன்ற ஒலி கேட்டது. தரையில் பளபளத்த ஈரத்தடங்கள் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஓய்வறைக்குப் போயின.

"கால்... எப்படி இருக்கு?"

"நம்ப மாட்ட. வலி சுத்தமா போயிடுச்சு. கால் இருக்குற மாதிரியே தெரியல."

கதவு. இருட்டு. அரத்தின் ஒலி. விளக்கின் விசையைத் தேடிய விரலில் ஈரம்.

ஒளி.

கண் கூச அவன் சிரித்தான். அவள் போர்வையை விலக்கினாள்.

பாதத்திலிருந்து தொடைவரை தூய வெண்மை. ஒரு துளி இரத்தமில்லை. வெண்மை முடிந்து சதை தொடங்கும் விளிம்பில், ஓட்டோடு ஓடு உரச, வளையமாக நத்தைகள். வளையம் மேலேறிக்கொண்டிருந்தது.

"ஏன்டி இப்படிப் பாக்குற?" என்று மீண்டும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு நின்றபோது மணி ஆறு நாற்பத்திரண்டு.