தலை தொலைந்த கிளி

"நீதான் ஏதோ பண்ணிட்டே! தலை இருந்த எடத்துல ஓட்டை இருக்குது பாரு."

"நான் இன்னா பண்ணேன்? பட்டனைத்தான் அமுக்கினேன்" என்றாள் ரோஜா.

"அப்போ கிளியோட தலை எங்க போச்சு?"

ரோஜாவும் குணாவும் மேசையைப் பார்த்தார்கள். பித்தளைக் கிளி தலையோடுதான் நின்றது. கணினித் திரையைப் பார்த்தார்கள். அங்கே அதே கிளிக்குத் தலையைக் காணோம். வயிறு முழுக்க ஓட்டை. வால் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் நீண்டிருந்தது.

இதெல்லாம் நடந்தது வினோதா மிஸ்ஸின் பட்டறையில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கம்பி ஏற்றிய லாரிகள் திரும்பும் முனையில் அது இருக்கிறது. மிஸ் உலோகச் சிற்பி. மெழுகில் ஓர் உருவம் செய்வார். அதன்மேல் மண் பூசிச் சுடுவார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் பித்தளையை ஊற்றுவார். அந்த மெழுகு உருவத்தைச் சில நாள் கையால் செய்வார், சில நாள் கணினியில் வரைந்து இயந்திரத்தில் அச்சிடுவார். சனிக்கிழமைகளில் ரோஜா, குணா போன்ற பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்றுத்தருவார்.

இன்று மிஸ் பின்பக்கம் உலையருகில் இருந்தார். உருகிய பித்தளையை விட்டுவிட்டு நகர முடியாது. அதனால், "கிளியை ஸ்கேன் பண்ணி வைங்க" என்று இவர்களிடம் விட்டிருந்தார். சுழலும் தட்டில் பொருளை வைத்தால், ஸ்கேனர் அதைச் சுற்றிலும் பார்த்து அப்படியே வரைந்துவிடும். போன வாரம் களிமண் சிங்கத்தை மீசையோடு வரைந்தது.

கிளி, டீக்கடை முத்தம்மா அத்தையுடையது. கடையில் ஜோடியாக நின்றவை. ஒன்று மழை வெள்ளத்தில் போய்விட்டது.

"இதைப் பாத்து ஒரு ஜோடி செஞ்சி குடுங்க. ஆனா சாயங்காலம் வெளக்கேத்துறதுக்குள்ள எடுத்துக்கினு போயிடுவேன். இன்னொரு தபா கேட்டா தர மாட்டேன். ஒண்ணைத் தொலைச்சவ நானு" என்று சொல்லியிருந்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோஜா மறுபடி பட்டனை அமுக்கினாள். இந்த முறை தலை வந்தது. இறக்கைகள் காணாமல் போயின.

"பேய் புடிச்ச மிஷினு" என்றான் குணா.

"சிங்கத்தை ஒழுங்கா பாத்துச்சே? கிளின்னா புடிக்காதா?"

ரோஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து கிளியின் வயிற்றை உற்றுப் பார்த்தாள். அங்கே அவள் முகமே தெரிந்தது, கத்தரிக்காய் மாதிரி மூக்கோடு. பின்னால் ஜன்னல். பக்கத்தில் குணாவின் பல்.

"டேய், நீ கிளிக்குள்ள இருக்குறே!"

"நானா?"

"நீ, நான், டியூப்லைட்டு, ஜன்னலு எல்லாம் இருக்குது. சிங்கம் மண்ணு, அதுல நம்ம மூஞ்சி தெரியாது. இது கண்ணாடி மாதிரி இருக்குதா, எது கிளி, எது நாமன்னு மிஷினுக்குத் தெரியல."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலையில் கிளி கறுத்துப் போய்ப் பாவமாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியது அவளேதான்.

குணா உப்புத்தாளை எடுத்தான். "ரெண்டு தேய் தேய்ச்சா மங்கிடும்."

"கையை எடுடா! அத்தையோட கிளி. கீறல் வுழுந்தா போகுமா?"

அலமாரியில் ஒரு டப்பா இருந்தது. அச்சு ஒட்டாமல் இருக்க மிஸ் தூவும் வெள்ளைப் பொடி. ரோஜா முதலில் வாலுக்கு அடியில் கொஞ்சம் தடவித் துடைத்துப் பார்த்தாள். கறையில்லாமல் போய்விட்டது. பிறகு பொடியைக் கைக்குட்டையில் முடிந்து, கிளி முழுக்க மெல்லத் தட்டினாள். பளபளப்பு மறைந்தது.

பட்டன். தட்டு சுழன்றது. இருவரும் திரையருகே குனிந்தார்கள்.

திரையில் தலை வந்தது. மூக்கு வந்தது. இறக்கைகள் வந்தன. உடைந்த நகம்கூட வந்தது!

"இன்னாடி இது?" வாசலில் முத்தம்மா அத்தை. "என் கிளியை மாவுல முக்கி வெச்சிருக்கீங்க? பஜ்ஜி போடப் போறீங்களா?"

"நான்தான் அத்தை" என்றாள் ரோஜா. "அழகா இருக்கட்டும்னு தேச்சேன். அதனாலதான் பேஜாரா பூடுச்சு. அப்புறம் நானே பவுடர் போட்டேன்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்த வினோதா மிஸ் திரையைப் பார்த்தார். "பொடி போடணும்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மிஸ்."

"நான் சொல்லியிருக்கணும்" என்று சிரித்தார் மிஸ். ஒரு பட்டனில் அவர் விரல் பட்டதும் திரையில் இன்னொரு கிளி வந்து, முதல் கிளியைப் பார்த்துத் திரும்பி நின்றது. "புதுசு இப்படித்தான் நிக்கும். மெழுகுல அச்சடிச்சு, பித்தளை ஊத்தி, அப்புறம் எறகெல்லாம் நான் உளியால செதுக்கணும். பத்து நாளாவது ஆகும்."

அத்தை முந்தானையால் தன் கிளியைத் துடைத்தார். திரையில் இருந்த புதுக் கிளியின் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"பத்து நாளு இது ஒத்தையா நிக்கணுமா?" ரோஜாவின் காதருகே குனிந்தார். "கண்ணு, நீயே மிஸ்கிட்ட கேளேன். இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியை இப்படியே தூக்கிக்கினு போய், கடையில இது பக்கத்துல வெச்சிக்கட்டுமா?"