ஒரு விரல் குட்டையான கால்

காலை பத்து மணிக்கு ஒரு கரி கிரில் அடுப்பு மாடிப்படி ஏறி வந்தது. நான்கு கால் இருந்தும் அது நடந்து வரவில்லை. இரண்டு கால் உள்ள ஒரு பெரியவர் அதை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் இன்றைக்குத்தான் படிக்கட்டைப் பார்த்தவர்போல் அவருக்கு மூச்சு வாங்கியது.

மாடியில் குடியிருந்தவரை அளவுகோல் என்பார்கள். தீ விபத்துகளில் எது தானாகப் பற்றியது, எது பற்ற வைக்கப்பட்டது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர். இப்போது பழைய சாமான்கள் அசலா, போலியா என்று சொல்கிறார். அளக்காமல் பேச மாட்டார். அளந்த பிறகும் அதிகம் பேச மாட்டார்.

உதவிக்கு இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி, வயது நாற்பத்தெட்டு. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. கயிறு போய் முடிச்சு மட்டும் மிஞ்சியதுபோல் அத்தானும் மச்சானும் மிஞ்சியிருந்தார்கள். தெருக்கோடியில் ஓர் ஒற்றை அறையில் இருந்த மச்சான் காலையில் வருவார், டீ போடுவார், துப்பறிவார், ஆறு மணிக்குப் போய்விடுவார். சாப்பாடு அவரவர் வீட்டில், அவரவர் தனியாக. மச்சானின் ஊகங்கள் பெரும்பாலும் தப்பு. ஆனால் சுடச்சுடக் கிடைக்கும்.

மச்சான் கேஸ் அடுப்பின் இடது பர்னரில் டீ வைத்தார். வலது பர்னரின் மேல் பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன. தீ விபத்து நிபுணரின் வீட்டில் அது யாரையும் உறுத்தவில்லை.

"சார், இது அசலா இல்லையான்னு நாலு மணிக்குள்ள சொல்லணும்" என்றார் லிஃப்ட்காரர். "நாலு மணிக்கு லாரி வருது. டூப்ளிகேட்னா அனுப்புன ஆளுக்கே திருப்பி அனுப்பிடுவேன். அதோட சரி. செத்தாலும் அந்த ஆளு மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"அந்த ஆளுன்னா?"

"கூடப் பிறந்த ஆளு."

அடுப்பு அவர்களுடைய அப்பாவுடையது. அப்பா போனதும் அண்ணன்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பத்தொன்பது வருடம் பேச்சில்லை. நேற்று லாரியில் இது வந்து இறங்கியது. கடிதம் இல்லை. தம்பியின் பெயரும் முகவரியும் மட்டும்.

"பழைய சாமான் கடைக்காரர்கிட்ட காட்டினேன். காலு, அடிப்பக்கம், கம்பித்தட்டு எல்லாம் புதுசு, டூப்ளிகேட்னுட்டாரு. அந்த ஆளு வெல்டிங் பட்டறை வச்சவரு சார். நினைச்சா ஒரு நாளைக்குப் பத்து அடுப்பு பண்ணுவாரு. அசலை அங்க வச்சுக்கிட்டு எனக்குப் பொம்மையை அனுப்பியிருக்காரு. அவருக்கென்ன, ரெண்டு பையன், மருமக, பேரப்பிள்ளைங்க. ஞாயித்துக்கிழமை ஆனா வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும்."

"போய்ப் பாத்தீங்களா?"

"பாக்காட்டி என்ன? தெரியாதா?" என்று சொல்லி அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கொண்டு வந்த சாப்பாட்டு டப்பா ஒற்றை அடுக்கு என்பதை அளவுகோல் பார்த்தார், சொல்லவில்லை.

"அப்பா காலத்துல இதுல என்ன விசேஷம்?"

லிஃப்ட்காரரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆடும் சார். சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் இதைப் படியில இழுத்து ஒரு காலை வளைச்சுட்டோம். மூடிக் கீலுக்கு நேர் கீழ இருக்கே, அந்தக் கால். அப்பா வளைஞ்ச இடத்தை ஒரு விரல் அளவு அறுத்துட்டு அப்படியே விட்டுட்டாரு. அடியில முட்டுக் குடுக்க ஓட்டுச் சில்லு தேடிட்டு வர்றது என் வேலை. கரி பத்த வைக்கிறது அண்… அந்த ஆளு வேலை."

மச்சான் பாய்ந்து போய் அடுப்பைத் தரையில் நிறுத்தினார். அது ஆடியது. டேப்பை எடுத்து நான்கு கால்களையும் அளந்தார். கீலுக்குக் கீழே இருந்த கால் சரியாக ஒரு விரல் குட்டை.

"அத்தான், கேஸ் முடிஞ்சுது! அசலேதான்!"

"அந்தக் காலுக்குள்ள விரலை விட்டுப் பாரு மச்சான்."

மச்சான் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். துரு ஒட்டவில்லை. சுத்தமான புதுக் குழாய். கேஸ் மறுபடி திறந்துகொண்டது.

"பாத்தீங்களா!" லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். "ஆட்டத்தைக்கூடச் செஞ்சு அனுப்பியிருக்காரு! இதைப் பாத்து நம்பட்டும்னு! திருட்டு வேலைக்கும் ஒரு அளவு வேணாமா?"

அளவுகோல் அடுப்பைக் கவிழ்த்துப் போட்டார். அடுத்த மூன்று மணி நேரம் பூதக்கண்ணாடி பேசியது, மனிதர்கள் பேசவில்லை. ஒன்றரை மணிக்கு மூவரும் மூன்று மூலைகளில் அமர்ந்து மூன்று டப்பாக்களைத் திறந்து சாப்பிட்டார்கள். ஒரே ஓட்டலில் வெவ்வேறு மேஜையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நாலு அடிக்கக் கால் மணி இருக்கையில் அளவுகோல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கடைக்காரர் சொன்னது சரி. இதுல முக்கால்வாசி புதுசு."

லிஃப்ட்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உக்காருங்க. போலி செய்யறவன் எல்லாத்தையும் ஒரே மூச்சுல செய்வான். இதுல நல்லா நிக்கிற மூணு கால்லயும் துரு பழசு. பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். அடித் தகட்டுல ஒட்டுக்கு மேல ஒட்டு, மூணு காலத்துல போட்டது. குட்டைக் கால் இந்த வருஷத்து வேலை. எது இத்துப்போச்சோ அதை மட்டும் மாத்திருக்கார். வருஷக்கணக்கா."

"அப்போ அசல் எங்க?" என்றார் மச்சான்.

"விளிம்பைப் பாரு. வாய் வளையம் பூராவும் கெட்டியான பழைய பீங்கான் பூச்சு. இந்த மாதிரி பூச்சைப் பட்டறையில பண்ண முடியாது. புதுத் தகட்டை அந்த வளையத்துல வச்சுத்தான் வெல்டிங் பண்ணிருக்கு. அசலை அவர் வீட்டுல வச்சிருந்தா இந்த வளையம் அங்க இருக்கணும். இங்க இருக்கு. உங்க அப்பாவோட அடுப்பு உலகத்துல வேற எங்கயும் இல்ல. மிச்சம் இருக்கறது இதுதான்."

"சரி, அந்தக் காலை ஏன் குட்டையா வெட்டணும்? நான் சொல்லட்டுமா?" மச்சான் முந்தினார். "வெல்டிங்கைப் பாருங்க, புழு ஊர்ந்த மாதிரி கோணல்மாணல். வயசாகிக் கை நடுங்குது. அளவு தப்பிடுச்சு."

"கை நடுங்குறது நிஜம். பழைய கால்கள்ல பத்த வச்ச இடம் மீன் செதில் அடுக்குன மாதிரி இருக்கு, இதுல இல்ல. ஆனா வெட்டு நேரா இருக்கு. வெட்டின இடத்துல ஊசியால கீறின கோடு பாதி இன்னும் இருக்கு. அளந்து, கோடு போட்டு, ஒரு விரல் குறைச்சு வெட்டியிருக்கார். விக்கிறவன் அடுப்பு ஆடக்கூடாதுன்னு பாப்பான். ஏமாத்துறவன் பூச்சைத்தான் பழசாக்குவான். ஆட்டத்தைப் பாதுகாக்கணும்னா அதோட வளந்தவனா இருக்கணும். இது ஆடலேன்னா உங்களுக்கு வேலை இல்லையே."

லிஃப்ட்காரர் குனிந்து அந்தக் குட்டைக் காலைப் பார்த்தார்.

"இன்னொண்ணு." அளவுகோல் கம்பித்தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். "ஒன்பது கம்பி. மாத்தி ஏழெட்டு வருஷம் இருக்கும். ஓரத்துல மூணு கம்பி மட்டும் வெந்து மெலிஞ்சு தொங்குது. மத்த ஆறும் தொழிற்சாலையில வந்த நீலம்கூடப் போகாம இருக்கு. அடுப்புக்குள்ளயும் அந்த ஓரத்துல மட்டும்தான் கருப்பு. நாலு துண்டு கரி, ஒரு மீன். அவ்வளவுதான் இத்தனை வருஷமா இதுல வெந்தது."

"வீடு நிறைய ஆளுன்னு…"

"கல்யாண வீட்டுல மூணு கம்பி போதாது."

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. லாரிக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பெரியவரே, சரக்கை ஏத்தலாமா, இருக்கட்டுமா?"

லிஃப்ட்காரர் அந்த ஆறு நீலக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"ஏத்துப்பா."

மச்சான் திடுக்கிட்டு அத்தானைப் பார்த்தார். அத்தான் அசையவில்லை.

"முன் சீட்டுல எடம் இருக்கா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். "நானும் வரேன். அண்ணனுக்குக் கை நடுங்குதாம்."

அடுப்பு இறங்கியது. பின்னால் இறங்கிய பெரியவர் வாசலில் குனிந்து, உடைந்து கிடந்த ஓட்டுச் சில்லுகளில் நாலைந்தைப் புரட்டிப் பார்த்து, ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அளக்கவில்லை. லாரி திரும்பியது.

மாடியில் மச்சான் நோட்டைத் திறந்தார். "அசல்னு எழுதவா, மாத்திக் கட்டுனதுன்னு எழுதவா?"

"அதை அவங்க ரெண்டு பேரும் சொல்லட்டும். நீ தேதியை மட்டும் போடு."

மச்சான் தேதியைப் போட்டார். ஆறு மணி ஆகியும் கிளம்பவில்லை. சமையல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்க அடுப்புல இடது பக்கம் மட்டும்தான் கருப்பா இருக்கு."

மச்சான் தன் வாழ்க்கையில் முழுக்கச் சரியாகத் துப்பறிந்தது அதுதான் முதல் தடவை. அளவுகோல் திரும்பி அடுப்பைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தார்.

"வலது பக்கம் பத்த வை. நாலு முட்டை இருக்கு."

பற்றவில்லை. ஆறு வருடத் தூசி பர்னரை அடைத்திருந்தது. ஒருவர் பூதக்கண்ணாடியைப் பிடிக்க, மற்றவர் குண்டூசியால் ஒவ்வொரு துளையாகக் குத்த ஆரம்பித்தார்.